கூட்ஸ் பெட்டிக்குள் ஒரு கீச்சு

புதுப்பட்டினம் கடைத்தெருவில் பன்னீர்செல்வத்தின் மைக் செட் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தொங்கும் குழாய் ஸ்பீக்கரே போதும் என்பார். பெயர் எழுதி வைத்தால் அதைப் படித்துக்கொண்டு எவனாவது வரி கேட்டு வருவான் என்ற பயம் உள்ளுக்குள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அறுபதைத் தாண்டியாயிற்று. யார் வந்து சிரித்துப் பேசினாலும், இவன் எதற்கு அடிபோடுகிறான் என்றுதான் முதலில் பார்ப்பார்.

அப்படித்தான் ஜானகிராமனையும் பார்த்தார். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், நவராத்திரிக்குச் சில வாரம் இருந்தது. ஜானகிராமனுக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி ஆபீசில் பெரிய உத்தியோகம். டவுன்ஷிப் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். அப்பேர்ப்பட்டவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கையில் ஒரு செருப்புப் பெட்டியோடு கடைக்குள் வந்தார்.

"சின்ன வேலை ஒண்ணு பன்னீர்செல்வம். ஸ்பீக்கர் வேலைதான்."

பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு ரயில் வேகன். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். கூரை, கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள், அடியில் இரும்புச் சக்கரம், எல்லாம் அச்சு அசல் கூட்ஸ் வண்டி மாதிரியே இருந்தது.

"இன்னா சார், பேரப்புள்ள வெளாட்டு சாமானா?"

"என் விளையாட்டு சாமான்" என்றார் ஜானகிராமன், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

அவருடைய மகன் ரோஹித் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது. வருஷா வருஷம் கொலு வைக்கும்போது படிகளைச் சுற்றித் தண்டவாளம் போட்டு ஓடவிடுவார். இஞ்சினுக்குள் மோட்டாருக்கே இடம் பற்றாது. அதனால் சத்தம் போடும் போர்டையும் ஸ்பீக்கரையும் இஞ்சினுக்குப் பின்னால் வரும் வேகனுக்குள் வைத்திருந்தார்கள். வண்டி ஓடும்போது அமெரிக்க ஊதலும் மணியும் அந்த வேகனிலிருந்து வரும்.

"போன வருஷம் நானே திறந்து பார்த்தேன். பொசுக்குன்னு புகை வந்துது, அதோட ஊமையாயிடுச்சு. அந்த போர்டைத் தூக்கிப் போட்டுட்டு வேற வைக்கணும். அமெரிக்கச் சத்தம் வேண்டாம். நம்ம ஊர் கூட்ஸ் சத்தம் வரணும்."

"ஏன் சார், உங்க ஆபீஸ்ல இல்லாத ஆளா?"

"ஆபீஸ் ஆளை வீட்டு வேலைக்குக் கூப்பிடக்கூடாது."

பன்னீர்செல்வம் அதை நம்பவில்லை. இவர் தன்னை வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று தோன்றியது. காரணமும் இருந்தது.

டவுன்ஷிப்பில் பொங்கலுக்குச் சங்கத்தின் ஆண்டு விழா நடக்கும். இருபது வருஷமாக அதற்கு மைக் செட் பன்னீர்செல்வத்தினுடையதுதான். விழாவில் பார்த்துவிட்டுத்தான் சுற்றுவட்டாரத்தில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். அது கைவிட்டுப் போனால் கடையைத் திறந்து வைப்பதும் மூடி வைப்பதும் ஒன்றுதான். போன பொங்கலுக்குச் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தபோது மைக் கீச்சென்று கத்தியது, பன்னீர்செல்வம் ஆம்ப்ளிஃபயரைக் குறைக்காமல் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார் என்று சங்கத்தில் புகார். கத்தவே இல்லை என்று பன்னீர்செல்வம் சாதித்தார். முன்வரிசையில் நாலைந்து பேர் காதைப் பொத்திக்கொண்டதை அவரும் பார்த்தார். திருப்போரூரில் புதிதாகப் பெட்டி ஸ்பீக்கர் வாங்கி வைத்திருக்கும் கலைவாணன் சொல்லிக்கொடுத்து உட்காரவைத்த ஆட்கள் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டார். அடுத்த பொங்கலுக்கு யார் என்பதைத் தீபாவளி கழித்துச் சங்கம் பேசி முடிவெடுக்கும்.

இந்த நேரத்தில் செயலாளர் கொண்டுவந்த வேலையை வேண்டாம் என்று சொன்னால், பயந்துவிட்டான் என்பார்கள். பன்னீர்செல்வம் வேகனை வாங்கி வைத்துக்கொண்டார்.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு படாளம் ரயில்வே கேட்டுக்குப் போய் உட்கார்ந்து, நிறையச் சரக்கோடு போன ஒரு டீசல் கூட்ஸைப் பதிவு செய்தார். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறி, கொஞ்ச நேரச் சத்தத்தைப் பிடித்துவைத்துத் திரும்பத் திரும்பப் பாடும் சில்லு ஒன்றை வாங்கிவந்தார். கடைக்காரன் நல்ல சில்லைத்தான் கொடுத்தானா என்று அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லி, அவன் வாயில் இரண்டு வசவு வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

வேகனின் கூரையைக் கழற்றி, கருகிய போர்டைப் பிடுங்கிப் போட்டு, சில்லின் சத்தத்தைப் பெருக்கும் சின்ன போர்டு ஒன்றை வைத்தார். சக்கரத்து அச்சில் உரசிக்கொண்டு நிற்கிற மாதிரி செம்புத் தகடு வைத்துத் தண்டவாளத்திலிருந்து கரண்ட் எடுத்தார். பாடும் பொம்மை ஒன்றிலிருந்து சின்ன ஸ்பீக்கரைக் கழற்றித் தரையைப் பார்த்த மாதிரி கவிழ்த்து வைத்து, வேகனின் அடித்தட்டில் ஊசியால் ஓட்டை போட்டார். ஓரத்தை எல்லாம் எம்சீல் வைத்து அடைத்தார். அடைக்காவிட்டால் சத்தத்தில் கனம் இருக்காது. ஒரு பேனா பேட்டரியை ஸ்பீக்கர் ஒயரில் தொட்டார். டொக். விரல் நுனியை ஸ்பீக்கரின் காகிதக் கூம்பின்மேல் வைத்துப் பார்த்தார். அதிர்வு சரியாக இருந்தது. ஸ்பீக்கர் விஷயத்தில் அவர் யார் வாயையும் நம்புவதில்லை. விரலைத்தான் நம்புவார்.

வேகனை எடுத்துக்கொண்டு போனபோது ஜானகிராமன் வீட்டு ஹாலில் கொலுப்படிக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். தரையில் தண்டவாளம் வட்டமாகக் கிடந்தது. இஞ்சினுக்குப் பின்னால் வேகனை மாட்டி, ஜானகிராமன் கரண்ட் பெட்டியின் குமிழைத் திருப்பினார். இஞ்சின் நகர்ந்ததும் படாளம் ரயில்வே கேட்டே அப்படியே ஹாலுக்குள் வந்துவிட்டது. டீசலின் உறுமல், இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் தடக் தடக், எல்லாம் கனமாக வந்தன.

"பிரமாதம்!" என்று ஜானகிராமன் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி சியாமளா கையில் கரண்டியோடு உள்ளேயிருந்து வந்தாள். "என்னது அது? காதுக்குள்ள கொசு புகுந்த மாதிரி இருக்கு?"

"கூட்ஸ் வண்டிம்மா" என்றார் பன்னீர்செல்வம்.

"கூட்ஸ் கேக்கறது. அதுக்கு மேல கீச்சுன்னு ஒண்ணு கத்தறதே!"

ஜானகிராமன் குனிந்து கேட்டார். "ஆமா. வண்டி வேகம் பிடிச்சா அதுவும் கூடுது."

பன்னீர்செல்வம் மண்டியிட்டு வேகன் பக்கத்தில் காதை வைத்தார். உறுமல், தடக் தடக். வேறு எதுவும் இல்லை. ஓடும் வேகனைத் தண்டவாளத்திலேயே பிடித்து நிறுத்தி, அடியில் விரல் வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லியேம்மா."

"என்ன பன்னீர்செல்வம், இந்தக் கத்து கத்தறது, இல்லைங்கறீங்க? போன பொங்கலுக்கும் இப்படியேதான் சொன்னீங்க."

சியாமளா கணவனைப் பார்த்தாள். ஜானகிராமன் வேறு பக்கம் பார்த்தார். பன்னீர்செல்வத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேகன் ஒரு சாக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து, இவருக்குக் காது போய்விட்டது என்று கதைகட்டி, விழாவைத் தூக்கிக் கலைவாணனிடம் கொடுக்கப் போகிறார்கள்.

"தண்டவாளத்துல ஒரு துண்டும் அந்த கரண்ட் பொட்டியும் குடுங்க சார். வூட்ல வெச்சிப் பாக்கறேன்" என்றார். குரலில் சூடு இருந்தது.

வீடு கடைக்குப் பின்னாலேயே. அவர் மனைவி பாப்பா கொல்லையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பன்னீர்செல்வம் உள்ளே மேஜைமேல் தண்டவாளத் துண்டை வைத்து, வேகனை நிறுத்தி, குமிழைத் திருப்பினார்.

"யோவ், இன்னாய்யா அது கீச்சு கீச்சுன்னு! நிறுத்துய்யா, பல்லு கூசுது!"

பன்னீர்செல்வம் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"உனுக்கு யாரு சொன்னாங்க?"

"இன்னா யாரு சொன்னாங்க?"

"டவுன்ஷிப் அம்மா போன் பண்ணாங்களா?"

"எந்த அம்மா? கையெல்லாம் மீனு, நான் போன்ல பேசினேன்னு இவரு கண்டாரு."

அவர் உள்ளே போனார். இவளும் சேர்ந்துவிட்டாளா, இல்லை வாய்க்கு வந்ததைச் சொல்கிறாளா என்று கண்டுபிடித்துவிடுவது என்று தீர்மானித்தார். சில்லிலிருந்து போர்டுக்கு வரும் ஒயரைச் சூடு வைத்து எடுத்துவிட்டார். இனி கூட்ஸ் சத்தம் வராது. கரண்ட் பாய்ந்தாலும் வேகன் ஊமையாகத்தான் நிற்க வேண்டும். ஊமை வேகனில் சத்தம் வருகிறது என்றால் அது பச்சைப் பொய். மேஜையில் குமிழைத் திருப்பினார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. சரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

"பாப்பா, அந்தப் பக்கம் திரும்பிக் குந்து. சத்தம் வந்தா வந்திச்சின்னு சொல்லு. போனா போச்சின்னு சொல்லு."

"உனுக்கு இன்னா பைத்தியமா பிடிச்சிகீது?"

"சொல்லு மே!"

அவள் திரும்பி உட்கார்ந்து மீனை ஆய்ந்தபடியே சொன்னாள். "வந்திச்சி." குமிழைத் திருப்பினார். "போச்சி." சும்மா இருந்தார். அவளும் சும்மா இருந்தாள். மெல்லத் திருப்பினார். "வருது, இன்னும் ஏறுது." ஜன்னல் வழியாக நிழலைப் பார்த்துச் சொல்கிறாளோ என்று போர்வையை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டார். கரண்ட் பெட்டியில் எரிந்த சின்ன விளக்கைத் துணி போட்டு மூடினார். குமிழின் சத்தம் கேட்கிறதோ என்று எண்ணெய் விட்டார். திருப்புவதாகப் பாவனை செய்து திருப்பாமல் இருந்தார்.

"யோவ், ஒண்ணும் இல்லியே. கரண்ட் போச்சா?" என்றாள் பாப்பா கொல்லையிலிருந்து.

ஒரு தடவை கூட அவள் தவறவில்லை. இவர் விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து எதிரில் நின்றாள்.

"இப்போ வருதா?" என்று கேட்டார்.

"வருது."

"எனுக்கு இல்ல."

பாப்பா சட்டியைக் கீழே வைத்தாள். "நான் எத்தினி வாட்டி சொன்னேன். கொசு கத்தறது உனுக்குக் கேக்கறதே இல்ல. கடிச்சப்புறம்தான் அடிப்ப. சைக்கிள்காரன் மணி அடிச்சா நடுரோட்லயே நிப்ப. நான் சொன்னா, உனுக்குக் கண்ட கண்ட சத்தம் கேக்குது, பேய் பிடிச்சவன்னுவ."

பன்னீர்செல்வம் குமிழை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியதும் அதன் வாய்க்கு நேராகத் தலையைக் கொடுத்து, கீழே நிற்பவனை மைக் டெஸ்ட் சொல்லச் சொல்லிக் கேட்பது அவர் வழக்கம். இத்தனை வருஷமாக எத்தனை கம்பம்! அது காதைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. கனமான சத்தத்தை விட்டுவைத்து, மெல்லிசான சத்தத்தை மட்டும் தின்றதால் அவருக்கே தெரியவில்லை. போன பொங்கலுக்கு முன்வரிசையில் காதைப் பொத்தினவர்கள் நிஜமாகவே பொத்தியிருக்கிறார்கள்.

பாப்பா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "இந்தப் பொட்டிய இன்னா பண்ணப் போற?"

"நிறுத்தணும். கேக்காத சத்தத்த நான் எப்படி நிறுத்தறது?"

"எனுக்குத்தான் கேக்குதே."

அது என்ன சத்தம் என்பது யோசித்ததும் பிடிபட்டது. இஞ்சின் மெதுவாக ஊர்வதற்காக ஜானகிராமனின் பெட்டி கரண்டைத் துண்டு துண்டாக நறுக்கித் தண்டவாளத்துக்கு அனுப்புகிறது. அந்த நறுக்கல் போர்டு வழியாக ஸ்பீக்கருக்குள் புகுந்து கத்துகிறது. தடுக்க வேண்டியது வேகனுக்குள்ளேதான். பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கம்பிச் சுருள் எடுத்துக் கரண்ட் வரும் வழியில் வைத்தார்.

"கொசு தள்ளிப் போச்சி" என்றாள் பாப்பா.

இரைச்சலை உறிஞ்சும் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தார்.

"பக்கத்து வூட்ல கீது."

பெரிய கெப்பாசிட்டர் போட்டால் கூரை மூடவில்லை. படுக்கவைத்து, காலை வளைத்து, ஸ்பீக்கரின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் திணித்தார்.

"இன்னும் லேசா... இரு, ஒயர அந்தப் பக்கம் ஒதுக்கினியே, அப்போ போச்சி. மறுக்கா ஒதுக்கு."

ஒதுக்கினார்.

"இல்ல."

"நல்லாக் கேளு. சாமி மேல சத்தியமா இல்லியா?"

"மீன் மேல சத்தியம், போய்யா. கொழம்பு வைக்கணும்."

சில்லின் ஒயரை மறுபடி பற்றவைத்தார். கூட்ஸ் கனமாக ஓடியது. அதன்மேல் ஒன்றும் இல்லை என்பதை அவர் பாப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

கொலு வைத்த மறுநாள் வேகனைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பொம்மைப் படிகளைச் சுற்றி வண்டி ஓடியது. சியாமளா கிட்டே வந்து நின்று கேட்டாள். "இப்பத்தான் வண்டி மாதிரி இருக்கு" என்று சொல்லி, சுண்டலை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். வந்திருந்த பெண்கள் செட்டியார் பொம்மையை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜானகிராமன் அவரை வாசலுக்கு அழைத்துப் போனார். "பன்னீர்செல்வம், சங்கத்துல உங்க காதைப் பத்திப் பேச்சு வரும். கவலைப்படாதீங்க. எனக்கே லேசாத்தான் கேட்டுது, அந்தக் கீச்சைத் தேடிப் பிடிச்சு நிறுத்தினவருக்கா காது கேக்கலைன்னு சொல்றீங்கன்னு நானே கேட்டுடறேன். எல்லாரும் வாயை மூடிப்பாங்க."

இவர் எதற்கு அடிபோடுகிறார் என்று பன்னீர்செல்வம் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. மனிதர் நிஜமாகவே நல்லது செய்ய நினைக்கிறார். சும்மா தலையாட்டினால் போதும், விழா கைக்குள் வந்துவிடும். ஆனால் பொங்கலன்று மைக் கத்தும். முன்வரிசை காதைப் பொத்தும். சொன்ன வார்த்தைக்காக இந்த ஆளும் சேர்ந்து தலைகுனிவார். தான் மட்டும் ஒன்றும் தெரியாமல் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அப்படிச் சொல்லாதீங்க சார். எனுக்கு அது கேக்கவே இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"இப்பவும் கேக்காது. என் பொஞ்சாதிதான் கேட்டுக் கேட்டு சொன்னா, நான் வேலை செஞ்சேன். போன பொங்கலுக்கும் கத்திதான் இருக்கும்."

ஜானகிராமன் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். அப்புறம் மைக்கு சொல்லும்."

"அப்ப விழாவுல ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல யாரு?"

"அவதான்."

"அவங்களுக்கு மைக் செட் தெரியுமா?"

"தெரியாது. காது கீது. குமிழ நான் சொல்லித் தரேன்."

பாப்பாவிடம் சொன்னபோது அவள் துடைப்பத்தை எடுத்தாள். "யாரைக் கேட்டுய்யா சொன்ன? ஆபீசருங்க முன்னால நான் போயி குந்தணுமா?" இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே நிபந்தனை போட்டாள். இவர் மாதிரி மரப்பெட்டிமேல் குந்த மாட்டாள், சாய்மானம் வைத்த நாற்காலி வேண்டும். அவள் குமிழைக் குறைத்தால் ஏன் எதற்கு என்று இவர் வாயைத் திறக்கக்கூடாது. இரண்டாவதை மட்டும் பன்னீர்செல்வம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சரி என்றார்.

சங்கத்தில் பேச்சு நீண்டதாம். ஜானகிராமன் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். சிலர் சிரித்திருக்கிறார்கள். கடைசியில் இந்தப் பொங்கலுக்கு மட்டும் பார்ப்போம் என்று முடிவாயிற்று. ஒரு நிபந்தனை. கலைவாணனும் தன் பெட்டிகளைக் கொண்டுவந்து மேடையோரம் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒரு கீச்சு நீண்டாலும் ஒயரைப் பிடுங்கி அவனுக்கு மாற்றிவிடுவார்கள்.

பொங்கலன்று சாயங்காலம் கலைவாணன் புதுச் சட்டையோடு பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"இன்னா அண்ணாத்த, அண்ணிய ஆப்பரேட்டராக்கிட்ட?"

"நீ உன் பொட்டியப் பாத்துக்கினு நில்லு நைனா" என்றாள் பாப்பா நாற்காலியிலிருந்து. "புதுச் சட்ட, கசங்கிடப் போவுது."

பிள்ளைகளின் பாட்டு, ஆட்டம் எல்லாம் முடிந்தன. சிறப்பு விருந்தினர் மேடையேறி மைக்கைக் கையில் எடுத்தார். எடுத்தவர் பேசிக்கொண்டே குழாய் ஸ்பீக்கரை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பாப்பாவின் கை குமிழுக்குப் போனது. கொஞ்சம் குறைத்தாள். பன்னீர்செல்வத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அநாவசியமாகக் குறைக்கிறாளோ, பேச்சு பின்னால் இருப்பவனுக்குக் கேட்காமல் போகுமே என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தார். யார் கையும் காதுக்குப் போகவில்லை. அதுவும் போதாமல் கலைவாணனைப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கத் தயாராக இரண்டு எட்டு முன்னால் வந்திருந்தவன், புருவத்தை இறக்கிக்கொண்டு பின்னால் போய்ப் பெட்டியில் சாய்ந்தான்.

விருந்தினர் மறுபடி நடந்தார். பாப்பா மறுபடி குறைத்தாள். அவர் திரும்பி மைக் ஸ்டாண்ட் இருக்கும் இடத்துக்கே போனதும் மெல்ல ஏற்றினாள். கண்ணைக்கூடத் திருப்பவில்லை. மறுபடி கலைவாணன் முகத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார் பன்னீர்செல்வம். அதன்பின் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

இருபது வருஷத்தில் விழா நடக்கும்போது ஒரு தடவைகூட அவர் ஆம்ப்ளிஃபயரை விட்டு எழுந்ததில்லை.

"டீ குடிச்சிட்டு வரேன். உனுக்கு?" என்றார்.

"சக்கர கம்மியா" என்றாள் பாப்பா, குமிழிலிருந்து கையை எடுக்காமல்.